தண்ணி துப்பாத ஸ்டீம் அயர்ன் எது வாங்கலாம்? குவில்ட் பிளாக் எல்லாம் கோணலா வருது, அவசரம்

நூல்பந்து
எல்லாருக்கும் வணக்கம். குவில்ட் தைக்கிறேன் (துணித் துண்டுகள சேத்து பிளாக் பிளாக்கா தச்சு, அதெல்லாம் இணைக்கற போர்வை), அயர்ன் பாக்ஸ் தண்ணியா துப்புது, வெள்ளைத் துணில அங்கங்க பழுப்பு கறை வேற, பிளாக் எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. நல்ல ஸ்டீம் அயர்னா புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன், எத்தன வாட் எடுக்கணும், செராமிக்கா ஸ்டீலா, யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். அண்ணன் குழந்தைக்கு குடுக்க வேண்டியது.

ஊசிக்காது
என்ன துணி? டயல எங்க வச்சிருக்கீங்க? என்ன தண்ணி ஊத்துறீங்க? இது மூணும் தெரியாம எத வாங்கச் சொல்றது.

தெளிநீர்
தண்ணிதான் காரணம், சந்தேகமே வேணாம். உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள படிஞ்சிருக்கும், அதுதான் பழுப்பா வருது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க, வேற எதையும் மாத்த வேணாம்.

ஊசிக்காது
தெளிநீர், எல்லா அயர்னுக்கும் அப்படி சொல்லிட முடியாது. பல கம்பெனி மேனுவல்ல சாதா குழாய்த் தண்ணியே போதும், தண்ணி ரொம்ப கடினமா இருந்தா பாதிக்குப் பாதி கலக்குங்கன்னுதான் போட்டிருக்கும். ஏசில சொட்டுற தண்ணிய பிடிச்சு ஊத்துறவங்களும் இருக்காங்க, அதையும் வேணாம்னு எழுதியிருப்பாங்க.

கத்தரி_மூத்தவர்
இந்தக் கேள்வி இங்க திரும்பத் திரும்ப வருது, முதல்ல பழைய இழையத் தேடிப் பாத்துட்டு கேக்கப் பழகுங்க. குவில்ட்டுக்கு ஸ்டீமே தேவையில்ல. சட்ட தேய்க்கற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தா பிளாக் கோணாம என்ன செய்யும்? வைக்கணும், அழுத்தணும், தூக்கணும், அடுத்த இடத்துல வைக்கணும். அடிப்படையே தெரியாம மெஷின மாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

பட்டன்ரோஜா
அண்ணா சொன்ன விஷயம் சரி, கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம், புதுசா தைக்கறவங்க பாவம். நூல்பந்து சிஸ், முக்கோணத் துண்டு இருக்கா அதுல? கிராஸா வெட்டின ஓரம் இருந்தா ஈரமும் சூடும் பட்டு இழுத்த பக்கம் நீண்டுடும். தச்ச உடனே பிரிக்காம, மூடினபடியே தையல் மேல ஒரு தடவ அழுத்துங்க, அப்புறம் பிரிச்சு அழுத்துங்க, ஆறினதுக்கு அப்புறம் எடுங்க. சூடா இருக்கும்போதே தூக்கினா அப்பவும் நீளும்.

நூல்பந்து
காட்டன்தான், முக்கோணம் நிறைய இருக்கு. டயல் ரெண்டு புள்ளி. குழாய்த் தண்ணி. கஞ்சி ஸ்ப்ரே அடிக்கிறேன்.

ஆம்பியர்
ரெண்டு புள்ளின்னா துப்பத்தான் செய்யும். டேங்க்ல இருந்து தண்ணி சொட்டு சொட்டா அடித்தட்டுக்கு மேல இருக்கற அறைல விழுந்துதான் ஆவியாகுது, தட்டு சூடு பத்தலன்னா ஆவியாகாம ஓட்ட வழியா அப்படியே வெளிய வரும். நிறைய மாடல்ல மூணு புள்ளிக்குப் போனாதான் முழு ஸ்டீம் குடுக்கணும். ஆட்டோ ஆஃப் இருக்கான்னும் பாருங்க. பலதுல படுக்கப் போட்டா 30 செகண்ட், நிமித்தி வச்சா 8 நிமிஷம்னு இருக்கும், நீங்க மெஷின்ல நாலு தையல் போட்டுட்டு வர்றதுக்குள்ள ஆறியிருக்கும், எடுத்த உடனே ஸ்டீம் அழுத்தினா தண்ணிதான். லைட் அணையற வரைக்கும் காத்திருங்க.
வாட் பத்தி கேட்டீங்க. வாட் கூடினா அயர்ன் அதிக சூடாகும்னு அர்த்தம் இல்ல, உச்ச சூட்ட முடிவு பண்றது தெர்மோஸ்டாட், வாட் கூடினா ஆறினது சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான். 2400 வாட் 230 வோல்ட்ல 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், தையல் மெஷின் மாட்டின சின்ன எக்ஸ்டென்ஷன் போர்டுலயே இதையும் மாட்டிடாதீங்க.

பட்டன்ரோஜா
கஞ்சியா! அப்போ பழுப்பு அதுவாத்தான் இருக்கும். ஈரம் துணில இறங்கறதுக்கு முன்னாடி அயர்ன் வச்சா தட்டுல ஒட்டிக் கருகி அடுத்த துணில இறங்கும். பின்பக்கம் அடிச்சு ஒரு நிமிஷம் விட்டுட்டு வைங்க. தட்ட ஆறவிட்டு ஈரத்துணியால துடைங்க, சுரண்டாதீங்க.

தெளிநீர்
உப்பும் பழுப்பா வரும். நான் சொன்னத யாரும் கண்டுக்கல.

ஒட்டுத்துணி
பிளாக் சின்னதும் பெருசுமா வர்றதுக்கு அயர்ன் மட்டும் காரணமா இருக்காது. கால் இஞ்ச் தையல்ல அரை நூல் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) கூடப் பிடிச்சாலே ரெண்டு பக்கமும் சேந்து ஒரு தையலுக்கு ஒரு நூல் போயிடும், 8 துண்டு வரிசைல 7 தையல், 7 நூல், கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் காணாமப் போகும். அளந்து பாருங்க. அப்புறம் தையலுக்குப் பின்னால நிக்கற ஓரத் துணிய ரெண்டு பக்கமும் விரிச்சு அழுத்துங்க, பல முனை சேர்ற இடத்துல புடைக்காது.

கத்தரி_மூத்தவர்
விரிச்சு அழுத்தறது சட்டைக்கு. குவில்ட்ல ஒரு பக்கமா சாய்க்கணும், அடர் நிறத் துணி பக்கம். அப்பதான் எதிரெதிர் தையல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்து மூலை சரியா சேரும், இணைப்புக் கோட்டுப் பள்ளத்துல, அடுக்கெல்லாம் சேக்கற குவில்ட்டிங் தையல் போடவும் துணி இருக்கும். விரிச்சா ஊசி வெறும் நூல் மேல இறங்கும்.

ஒட்டுத்துணி
பள்ளத்துல நான் தைக்கறதே இல்ல, கால் இஞ்ச் தள்ளித்தான் போடுவேன். தையல் நீளத்த 2 மில்லிமீட்டருக்குக் குறைச்சா விரிச்சதும் உறுதியாத்தான் நிக்குது. எட்டு முனை சேர்ற நட்சத்திரத்த ஒரு பக்கமா சாய்ச்சு தட்டையா காட்டுங்க பாப்போம்.

கத்தரி_மூத்தவர்
நடுவுல தையலக் கொஞ்சம் பிரிச்சு சுழல் மாதிரி சாய்க்கத் தெரியணும். தெரியாதவங்கதான் விரிப்பாங்க.

ஊசிக்காது
ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை போடுங்க. நூல்பந்து, வாங்கறதா இருந்தா என் கருத்து: ஸ்டீம முழுசா நிறுத்தற சுவிட்ச், நீங்களே அணைச்சு வைக்கக்கூடிய ஆட்டோ ஆஃப், கூர்மையான முனை, கொஞ்சம் கனம். செராமிக்கோ ஸ்டீலோ, காட்டனுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. ஃபியூசிங் (சூடு பட்டா ஒட்டற பசைத் துணி) ஒட்டுறவங்களுக்கு ஓட்டை கம்மியா இருக்கற தட்டு நல்லது, ஓட்டைக்கு நேரா சூடு சரியா படாம பசை பிடிக்காது, அதனால கொஞ்சம் நகத்தி நகத்தி 10, 15 செகண்ட் வைக்கணும். பஞ்சு மெத்து மெத்துன்னு இருக்கற போர்டுல அழுத்தாதீங்க, கெட்டியான பலகைல துணி விரிச்சு அழுத்துங்க, பாதிக் கோணல் அங்கயே போயிடும்.

நூல்பந்து
மூணு புள்ளி வச்சேன், துப்பல. முக்கோணத்துக்கு ஸ்டீம் ஆஃப். தையல் அரை நூல் கூடத்தான் போயிருக்கு, ஊசி இடத்த மாத்திட்டேன். புதுசு இப்போ வாங்கல, நன்றி எல்லாருக்கும்.

தெளிநீர்
பழுப்பு நின்னுச்சா? தண்ணி மாத்தினீங்களா?

ஒட்டுத்துணி
விரிச்சீங்களா, சாய்ச்சீங்களா? அதையும் சொல்லிட்டுப் போங்க.