பீட்ரூட் இஞ்சி பீர் மூன்றாவது முறையும் கொழகொழத்துவிட்டது, உதவுங்கள்

நீலகிரி கேத்தியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து பீட்ரூட்டில் இஞ்சி பீர் (இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க வைக்கும் பானம்) போடுகிறேன். மூன்று முறையும் கொழகொழத்து வீணாகிவிட்டது. மனசு கேட்கவில்லை.

3 லிட்டர் தண்ணீர், தோல் சீவி வேகவைத்த பீட்ரூட் அரைக் கிலோ, சர்க்கரை 200 கிராம், ஒரு எலுமிச்சை. ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. இஞ்சித் துருவலும் சர்க்கரையும் ஒரு வாரம் ஊறி நுரைத்த கரைசல்தான். சித்திரையில் இதே கரைசலில் வெறும் இஞ்சி பீர் அருமையாக வந்தது.

இப்போது இரவில் 7 டிகிரி, பகலில் சமையலறை 16ஐத் தாண்டுவதில்லை. முதல் மூன்று நாள் ஜாடியில் அசைவே இல்லை. நாலாம் நாள் லேசான நுரை. ஆறாம் நாள் கரண்டியைத் தூக்கினால் வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி நூல் இழுக்கிறது. நிறம் நல்ல சிவப்பு. பூஞ்சை இல்லை, கெட்ட வாடையும் இல்லை. மண்வாசம் உண்டு, அது பீட்ரூட்டின் இயல்பு.

ஜாடியைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். அப்புறம் கரைசலைப் புதிதாகப் போட்டேன். மூன்றாம் முறை சர்க்கரையை 120 கிராமாகக் குறைத்து, ஜாடிக்குக் கம்பளியும் சுற்றினேன். பலனில்லை.

லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா சுக்ரோஸை, அதாவது நாம் போடும் சர்க்கரையை, பசையாக்கும், சர்க்கரை ஆலைகளிலும் இந்தத் தொல்லை உண்டு. அதுதான் காரணம் என்று சந்தேகம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக எழ, அது முந்திக்கொள்கிறது போல.

மலைக்குளிரில் பீட்ரூட் போட்டு நுரைக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்: ஜாடியை 24 டிகிரிச் சூட்டில் வைத்தால் போதுமா, பொடி ஈஸ்ட்டுக்கே மாற வேண்டுமா?