புதுப்பிப்பு: சித்தூர் வயல்களில் எத்தனை போகம்?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எது இரண்டு போக வயல், எது தென்னந்தோப்பு என்று செயற்கைக்கோள் படத்தில் பிரிக்க முடியுமா என முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது!

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படங்களில் ஒவ்வொரு கட்டமும் (பிக்சல்) தரையில் 10 மீட்டர். அதில் பசுமைக் குறியீட்டை, அதாவது செடி எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்ற எண்ணை, ஆண்டு முழுக்க வரைந்தால், நெல்லின் கோடு நடவு நீரில் தாழ்ந்து, கதிர் விடும்போது உச்சிக்குப் போய், அறுப்போடு விழுகிறது. இரண்டு மேடு என்றால் விரிப்பும் (முதல் போகம்) முண்டகனும் (இரண்டாம் போகம்). தென்னைக்கோ பெரிதாக அசைவதில்லை.

விரிப்புக் காலத்தில் மேகம் மறைத்துவிடும். சரி, அதற்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார். தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் வரப்போரம் தென்னை நிற்கும் சிறு வயல்களில் நெல்லும் தென்னையும் படத்தின் ஒரே கட்டத்தில் கலந்துவிடுகின்றன. அங்கே நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். சித்தூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் இருந்தால் உங்கள் வயலில் எத்தனை போகம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.