வைக்கோல் புகையும் கௌபி வேரும்

படுவான்கரையிலிருந்து (இலங்கை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை):

வயலை ஒட்டி எங்களுக்கு ஒரு மேட்டுக்காணி உண்டு. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடியும் காலத்தில் அங்கே கௌபி என்னும் தட்டைப்பயறு பூக்கத் தொடங்கிவிடும். கடந்த பங்குனியில், கிழக்கே இருந்த வட்டைகளில் (வயல்வெளிகளில்), அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போன வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள். பின்னேரக் கடல்காற்று அந்தப் புகையைத் தொடர்ந்து எங்கள் பக்கமாகவே கொண்டுவந்தது. அதன்பின் முதிர்ந்த இலைகளின் மேற்பரப்பில், நரம்புகளுக்கு இடையே, ஊசியால் குத்தியது போன்ற வெண்கல நிறப் புள்ளிகள் தோன்றின. இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி எதுவும் இல்லாததால், சில செடிகளை வேரோடு கிளப்பிப் பார்த்தேன்.

நல்ல செடியின் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கும் பற்றீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அந்த நிறமே அடையாளம். புள்ளி விழுந்த செடிகளிலோ முடிச்சுகள் குறைந்திருந்தன, கிள்ளியவற்றிற் பல வெளிறிக் கிடந்தன. நீர்க்குறைவும் இதைச் செய்யக்கூடும் என்றாலும், காணியில் அப்போது ஈரம் இருந்தது.

வைக்கோல் எரியும்போது வெளிவரும் நைதரசன் ஒட்சைட்டுகளும் ஆவியாகும் சேதனச் சேர்வைகளும் வெயிலில் தாக்கமுற்று, பயிருக்குக் கேடான ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன. அதற்குச் சில மணி நேரம் பிடிப்பதால், தீ வைத்த வயலை விடக் காற்று போகும் திசையில் தொலைவாக உள்ள பயிரே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. ஓசோன் மண்ணின் மேற்பரப்பிலேயே சிதைந்துவிடும். ஆழத்துக்கு அது இறங்குவதில்லை. ஆனால் இலையின் நுண்துளைகளான இலைவாய்கள் வழியே புகுந்து இலையைக் காயப்படுத்துகிறது. செடி தன் சீனியைக் காயம் ஆற்றுவதற்குச் செலவிடுவதால் வேருக்குப் போகும் பங்கு குறைகிறது. முடிச்சுப் பற்றீரியாக்களும், வேரோடு கூடி வாழும் பங்கசுகளும், அவற்றை உண்ணும் நுண்புழுக்களும் சிற்றுண்ணிகளும் அந்தப் பங்கையே நம்பி இருக்கின்றன. மண்ணைத் தொடாமலேயே காற்று மண்ணுயிர்களைப் பட்டினி போடுகிறது என்பதை நான் அந்த வேர்களைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். நெல்லும் இதற்கு விலக்கல்ல: சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் 2007 முதல் திறந்த வயலில் ஓசோனைச் செலுத்தி நடத்திய பரிசோதனைகளில், கலப்பின நெல்லினங்கள் மற்ற இனங்களை விடக் கூடுதலான விளைச்சலை இழந்தன.

சம்மாந்துறையிலிருந்து:

சகோதரர் எழுதியதை வாசித்ததும் 2022 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்தபோது, இந்தியப் பக்கத்து மாசடைந்த காற்று நம் நாட்டின் மீது படர, டிசம்பர் 9 அன்று அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த மூட்டம் விரைவில் கலைந்துவிட்டது. ஒவ்வொரு போகமும் நாமே எழுப்பும் புகைதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டு போகங்களுக்கு இடையே நாள் குறைவு என்பதால்தான் பலர் எரிக்கிறார்கள். அவர்களுடைய அவசரம் எனக்கும் தெரிந்ததே.

புகையின் வாயுக்கள் காற்றில் அமிலமாக மாறி மண்ணில் விழுவதைப் பொறுத்தவரை, நீர் நிற்கும் வயலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. நீரில் மூழ்கிய அமில மண் நாளடைவில் நடுநிலையை நோக்கி நகரும். வரம்புக்கும் மேட்டுக்காணிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சேதனப் பொருள் குறைந்த கரையோர மணல் மண்ணுக்கு அமிலத்தைத் தாங்கும் வலுவும் குறைவு. புளித்த மண்ணில் மண்புழு தங்காது.

நாங்கள் இப்போது வைக்கோலை எரிக்காமல் பரப்பி உழுகிறோம். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். வரம்போரத்தில் மண்புழுக் குவியல்கள் முன்பை விட அதிகமாகத் தென்படுகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்பே உழுது மூடாவிட்டால், அழுகும் வைக்கோல் மண்ணின் நைதரசனை இழுத்துக்கொண்டு இளம்பயிரை மஞ்சளாக்கிவிடும், ஆகவே தண்ணீர் திறக்கும் திகதியை, நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.