சாமிவேலுவைத் தோற்கடித்தது அலையா, ஆளா?

ஈப்போக்காரன்:
"சாமிவேலுவை எந்த மனிதனும் தோற்கடிக்கவில்லை, 2008 பொதுத்தேர்தலின் எதிர்க்கட்சி அலைதான் தோற்கடித்தது" என்று ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) முன்னாள் தலைவரைப் பற்றி நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியில் எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமார் 16,458 வாக்கு, சாமிவேலு 14,637. வாக்குச்சீட்டில் அலையின் பெயரா இருந்தது? 1999, 2004 இரண்டிலும் அவரிடம் தோற்றும் தொகுதியை விட்டு நகராத டாக்டரின் பெயர் இருந்தது.

குளுவாங் செல்வம்:
எழுதியவன் நான்தான் அண்ணே. வித்தியாசம் வெறும் 1,821. 1974 முதல் தொடர்ந்து எட்டுத் தேர்தல் ஜெயித்த மனிதரை 1,821 வாக்கை வைத்து அளப்பீர்களா? 2007 நவம்பரில் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி, அடுத்த மார்ச்சில் தேர்தல். ம.இ.கா. நின்ற 9 நாடாளுமன்றத் தொகுதியில் தேறியது 3. துணைத் தலைவர் பழனிவேலும் உலு சிலாங்கூரில் 198 வாக்கில் போனார். அங்கேயும் ஜெயக்குமாரா நின்றார்?

ஈப்போக்காரன்:
1,821 என்றாலும் தோல்விதான், 1 என்றாலும் தோல்விதான்.

தோட்டத்து மகள்:
இரண்டு பேரும் சாமிவேலு வந்த பிறகுதான் சுங்கை சிப்புட்டே உண்டானது போலப் பேசுகிறீர்கள். அது முன்னாள் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் இருந்த தொகுதி. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பாட்டாளிகளிடம் பத்து பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் அவர்.

குளுவாங் செல்வம்:
சம்பந்தனை நான் குறை சொன்னேனா? பினாங்கு பாலம் 1985இல் திறந்தபோது பொதுப்பணி அமைச்சர் யார்? ம.இ.கா. உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் யார் காலத்தில் வந்தது? 29 வருடம் அமைச்சரவையில் நம் ஆள் உட்கார்ந்திருந்தார், அதை மறந்துவிட்டு 1,821, 1,821 என்று...

ஈப்போக்காரன்:
1,821ஐ முதலில் எடுத்தது நீங்கள். பாலம் அரசாங்கப் பணம். ம.இ.கா. தொடங்கிய மைக்கா நிறுவனத்தின் பங்கு வாங்கி நட்டப்பட்ட குடும்பங்களிடம் போய் இந்தப் பெருமையைப் பேசிப் பாருங்கள்.

குளுவாங் செல்வம்:
மைக்காவுக்கு வந்தாச்சா, சரி. உங்கள் டாக்டர் 2018இல் சொந்தக் கட்சியான பிஎஸ்எம் (மலேசிய சோசலிசக் கட்சி) சார்பில் அதே தொகுதியில் நின்றார், வைப்புத்தொகையே போனது. சாமிவேலு தோற்ற அன்றும் 14,637 பேர் அவர் பக்கம். 2008இலும் பெரிய எதிர்க்கட்சியான பிகேஆரின் சின்னம் இல்லாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தோட்டத்து மகள்:
தம்பி, டெபாசிட் போனால் ஆள் சின்னவராகிவிடுவாரா? தோட்டத்து ஆட்களின் வீட்டுப் பிரச்சினைக்கு யார் வந்து நின்றார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஈப்போக்காரன்:
2013இல் சாமிவேலு இல்லை, ம.இ.கா. சார்பில் தேவமணி நின்றார். அவரையும் ஜெயக்குமார் ஜெயித்தார். அதுவும் ஹிண்ட்ராஃப் அலையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குளுவாங் செல்வம்:
முதலில் நீங்கள் உலு சிலாங்கூருக்குப் பதில் சொல்லுங்கள். கேட்டு எவ்வளவு நேரமாகிறது.