பேசாமல் ஒதுங்கிப்போன பிள்ளைகள்: பெங்களூர்ப் பெற்றோரின் அனுபவங்கள்

ஜீவன்பீமா நகர் அம்மா:

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தபோது மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கன்னடம் படித்தவர்கள். இவனுக்கு அப்போதுதான் எழுத்தே அறிமுகம். தமிழில் ஒரே 'க', அங்கே நான்கு. டிக்டேஷனில் முட்டை வாங்கி வாங்கி, மற்ற பாடங்களிலும் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". கதவைச் சாத்திக்கொண்டு டேப்லெட்டோடு உட்கார்ந்துவிடுவான்.

கொழுந்தனாரிடம் ஒரே யோசனைதான்: "அதைப் பிடுங்குங்க அண்ணி, முதுகுல ரெண்டு போடுங்க, தானா வழிக்கு வருவான்." நானும் வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரைக் கூட்டாளிகளோடு அவன் பேசிக்கொண்டிருந்ததே அந்த டேப்லெட்டில்தான். அதையும் பிடுங்கிவிட்டால் யாரிடம் பேசுவான்? ஆனால் நேரம் வைத்தோம். இந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். அதனால் ராத்திரி ஒன்பதரைக்கு டேப்லெட் ஹால் அலமாரிக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை கிடையாது. அவனையும் உட்காரவைத்துப் பேசித்தான் இதை முடிவு செய்தோம்.

ஒருநாள் வரவில்லை. மறுநாள் கொடுக்கவில்லை. டிவி ரிமோட்டை விட்டெறிந்தான், மூடி உடைந்தது. "கோபப்படலாம்டா, எறியக் கூடாது" என்று மட்டும் சொன்னார் அவன் அப்பா. கோபம் தணிந்ததும் செலோடேப்பை எடுத்து நீட்டினார். அவனே ஒட்டினான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டுவதெல்லாம் இல்லை.

அவன் வாய் திறந்தது மெட்ரோவில். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் தலை குனிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனால் பேச்சு வருகிறது. சனிக்கிழமைகளில் இந்திராநகரில் ஏறி, ஊதா லைனில் ஒயிட்ஃபீல்டு வரை சும்மா போய் வருவோம். அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு "முந்தின நில்தாண..." (கன்னடத்தில் 'அடுத்த நிலையம்') என்று அதே குரலில் சொல்லிக் காட்டினான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கன்னடம். திரும்பும்போது, தன் உச்சரிப்பைப் பையன்கள் கேலி செய்வதையும், ஒரு டீச்சரும் சேர்ந்து சிரித்ததையும் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. அப்புறம் போய் வகுப்பாசிரியையைப் பார்த்தோம். டிக்டேஷன் வார்த்தைகளை முந்தின நாளே எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். கேலி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஸ்ரீராமபுரம் அப்பா:

உங்கள் மகன் மெட்ரோவிலாவது பேசினான். என் மகள் எங்கேயும் பேசவில்லை. 12 வயது. படம் வரைவதென்றால் உயிர், அதையே விட்டுவிட்டாள். திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. சாப்பாடும் குறைந்தது. வாரக்கணக்கில் நீடித்ததும் 14416க்குப் போன் செய்தேன். மத்திய அரசின் டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். பிறகு நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம்.

"அந்த ஆஸ்பத்திரிக்கா? வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாருடா கட்டிக்குவா?" என்றார் என் அம்மா. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை!

அங்கே அவளைத் தனியாகவும் எங்களைத் தனியாகவும் கேட்டார்கள். வாசிப்பதில் கற்றல் குறைபாடு இருப்பது தெரியவந்தது. பள்ளி அறிக்கைகளில் இத்தனை வருடமும் 'முயற்சி போதாது' என்றுதான் இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் அடங்கும். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்காக வீட்டு வேலையில் சலுகை கொடுக்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் பொறுப்புதான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும்.

அல்சூர் பாட்டி (ஓய்வுபெற்ற ஆசிரியை):

'அடியாத மாடு படியாது' என்று எல்லோரும் நம்பிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அடி வாங்கிய பிள்ளைகள் படிந்தார்கள்தான். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போடவும் பழகிக்கொண்டார்கள்.

ஜீவன்பீமா நகர் அம்மா, அந்த டீச்சர் சிரித்ததைச் சும்மா விடாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அதோடு போய்விடும். வகுப்பில் பையன் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஜீவன்பீமா நகர் அம்மா:

சரிங்கம்மா, எழுதுகிறேன். அவனிடம் முதலில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். ஸ்ரீராமபுரம் அண்ணா, நிம்ஹான்ஸுக்கு முதல் தடவை போகும்போது பள்ளி நோட்டுகளைக் கொண்டுபோனீர்களா?

ஸ்ரீராமபுரம் அப்பா:

ஆமாம்மா, நோட்டுகள், பழைய ரேங்க் கார்டுகள் எல்லாம். எங்களிடம் கேட்டதைவிட அவள் நோட்டுகளைத்தான் அதிக நேரம் புரட்டிப் பார்த்தார்கள்.