கல்லூரி நூலக அனுபவங்கள்: மலை மேல் படித்தவர்கள், பாடம் எடுப்பவர்கள் எழுதுங்கள்

கல்லூரி நூலகர், நீலகிரி:

நீலகிரியில் ஒரு கல்லூரியில் 18 வருடமாக நூலகராக இருக்கிறேன். மாணவர்களும் ஆசிரியர்களும் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுக் குழு வந்து கேட்டால் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவோம். பக்கம் நிறையக் கையெழுத்து இருக்கும். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியும், அதில் பாதிக்கு மேல் பழைய கேள்வித்தாள் கட்டுக்காகவும் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்துக்காகவும் வந்தவர்கள் போட்டது. பேருந்து வரும்வரை குளிருக்கு ஒதுங்கினவர்களும் உண்டு. அதில் தப்பே இல்லை. ஜூலையில் கூடலூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் நனைந்த ஸ்வெட்டரோடு வந்து சேர்வார்கள். உட்கார ஓர் இடம் வேண்டும், நூலகம் அதற்கும்தான்.

என் வருத்தம் வேறு. கேள்வித்தாள் கட்டை மூன்று முறை பைண்டிங் செய்தாகிவிட்டது. பக்கத்து அலமாரியில் இருக்கும் நீலகிரி வரலாற்றுப் புத்தகங்களை மாதாமாதம் எடுத்துத் துடைத்து வைக்கிற ஆள் நான் ஒருவன்தான். இந்த ஊர் ஈரத்தில், மனிதர் கை படாத புத்தகத்தில் பூஞ்சை படிந்துவிடும். மழைக்காலம் முழுக்க கண்ணாடி அலமாரிக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வெயில் அடிக்கிற அன்று கதவுகளை எல்லாம் திறந்து போடுவோம். அட்டையின் முதுகில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் எனக்கு உடனே விளங்கும், அதை ஒரு வருடமாக யாரும் எடுக்கவில்லை என்று.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டு வரலாறு படித்த ஒரு பெண், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வருபவர். ஒரு நாள் கவுன்டருக்கு வந்தார்.

"சார், நீலகிரி டீ பத்தி புக் இருக்கா?"

"டீயில எதைப் பத்திம்மா?"

"தெரியல சார். மேடம் டைட்டில் கொடுத்துட்டாங்க. முப்பது பக்கம் வேணும்."

கையில் இருந்த போனில் ஏதோ ஓர் இணையப் பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்க ஊர்ல டீ வர்றதுக்கு முன்னாடி என்ன போட்டாங்க?" என்று கேட்டேன். "உருளைக்கிழங்குன்னு பாட்டி சொல்லுவாங்க." அதற்கு முன்னாடி? அது அவருக்குத் தெரியவில்லை.

954.82 என்று எண் போட்ட தட்டுக்கு அழைத்துப் போனேன். தமிழ்நாட்டு வரலாறு இருக்கும் இடம் அது. 1880இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு, 1908இல் பிரான்சிஸ் எழுதிய நீலகிரி கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), இரண்டின் மறுபதிப்பும் எங்களிடம் இருக்கின்றன. வேளாண்மை அத்தியாயத்தைத் திறந்து கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். பழைய ஆங்கிலம், லேசில் ஓடாது. வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். கால் மணி நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது: "சார், சாமைன்னு போட்டிருக்கு சார்! ராகி, பார்லி எல்லாம் இருக்கு!" நூலகத்தில் சத்தம் போடக்கூடாதுதான். நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாட்டியிடம் கேட்டு எழுதிய நோட்டோடு வந்தார். எந்தச் சரிவில் சாமை விதைத்தார்கள், எப்போது உருளைக்கிழங்குக்கு மாறினார்கள், எப்போது தேயிலை நட்டார்கள் என்று எல்லாம் பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தார். கெசட்டியரில் இருப்பதையும் பாட்டி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கடைசியில் புராஜெக்ட் 22 பக்கம்தான் வந்தது. அந்த 22 பக்கமும் அவர் எழுதியது.

இன்னொன்று, ஓர் ஆசிரியர். பதவி உயர்வுக்குக் கட்டுரை அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்று வேகமாக வந்தார். ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் சொல்லி எடுத்துத் தரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் என்-லிஸ்ட்டைத் திறந்தேன். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் சேவை அது. வருடச் சந்தாவில் 6,000க்கு மேற்பட்ட மின்னிதழ்கள் கிடைக்கும். அவர் பெயரில் கணக்கு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கடவுச்சொல் வந்த மின்னஞ்சலை அவர் திறக்கவே இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருபது நிமிடம் சொல்லிக் கொடுத்தேன். கட்டுரை கிடைத்தது. அடுத்த மாதம் அவர் தன் இரண்டாம் ஆண்டு வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. நான் எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் பிள்ளைகள் நின்று படிப்பதில்லை. தங்கள் ஆசிரியர் உள்ளே வந்து ஒரு புத்தகத்தை எடுப்பதைப் பார்த்தால் அவர்களும் எடுக்கிறார்கள்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்டால் அவர் நிச்சயம் சந்தோஷப்படுவார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பந்தலூர்ப் பெண், இப்போது பள்ளி ஆசிரியை:

சார், படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அப்போது எங்கள் கல்லூரி நூலகத்தில் அலமாரிக்குள் போக விடமாட்டார்கள். சின்ன மர இழுப்பறைகளில் அட்டைகள் இருக்கும். அதில் புத்தகத்தைத் தேடி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவார்கள். அந்த எண் என்ன என்று எனக்கு முழுசாக ஒரு வருடம் தெரியாது. கேட்கவும் பயம். மற்றவர்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைத்தேன். செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மிஸ் வந்தார். முதல் வாரத்திலேயே ஒரு பாடவேளை முழுக்க எங்களை நூலகத்தில் வைத்திருந்தார். ஆளுக்கு ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்தப் புத்தகம் என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அன்று ஒரு நாள் மட்டும் எங்களை உள்ளே விட அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு வந்தது 894.811இல் ஆரம்பிக்கும் எண். தமிழ் இலக்கியம். தட்டு தட்டாகத் தேடி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது கண் கலங்கிவிட்டது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த எண்ணின் கணக்கு தெரியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நானே தேட ஆரம்பித்தேன். என் அப்பா சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினவர். இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் இந்த மலை. அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். ஒரு நாள் இலங்கை பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தில் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பார்த்தேன், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்டது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. எத்தனை எளிதாக எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது. என் அப்பா அந்த 5,25,000க்குள் இருக்கிறார்.

அது வெளியே கொடுக்காத புத்தகம். ஜெராக்ஸ் மெஷினும் பழுது. மூன்று நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து கையால் எழுதினேன். அங்கே உதவியாளராக இருந்த அக்கா, சீட்டு கேட்காமலே அந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ரொம்ப நேரம் கழித்து, "அஞ்சு லட்சமா? நாங்க வந்த கப்பல்ல இருந்தவங்க மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன்" என்றார். அன்று இரவுதான் முதல் தடவையாக முகாமைப் பற்றிப் பேசினார்.

பொருளியல் ஆசிரியர், நீலகிரி:

நூலகர் சொன்னது உண்மை. ஆசிரியர்கள் தரப்பிலிருந்து இரண்டு வார்த்தை.

எங்களுக்கு மாலை 4 மணி வரை வகுப்பு. நூலகம் 4.30க்கு மூடுகிறது. பிள்ளைகளில் பலருக்கு ஊருக்குப் போகும் பேருந்து அதற்கும் முன்னாலேயே. எப்போது படிப்பது? தேர்வுக்கு முந்தைய மாதமாவது ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்காவது உதவும். மூடிய பிறகும் வாசல் படியில் ஏழெட்டுப் பேர் வைஃபைக்காக உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். பலர் ஊரில் சிக்னலே கிடைக்காது. அவர்களுக்கு மின்னிதழ் என்றால் அந்தப் படிதான்.

நான் செய்துபார்த்த ஒன்று: அசைன்மென்ட்டில் குறைந்தது ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்பு கையெழுத்தில் இருக்க வேண்டும், நூலக எண்ணோடும் பக்க எண்ணோடும். முதல் தடவை முணுமுணுத்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்கள். இரண்டாம் தடவை, நான் தராத ஒரு புத்தகத்தை ஒரு பையன் கண்டுபிடித்து எழுதியிருந்தான். அதை நானே படித்ததில்லை. அவனிடமிருந்து வாங்கிப் படித்தேன்.

ஆய்வு மாணவி, கொடைக்கானல்:

இங்கே 1984இல் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1899இல் நிறுவிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். படிக்கிறவர்களுக்கான ஊர் என்றுதான் இதைச் சொல்வேன்.

ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது ஒரு அக்கா என்னை ஷோத்கங்காவில் உட்கார வைத்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நான் பெருமையாக யோசித்து வைத்திருந்த தலைப்பில் ஏற்கெனவே ஓர் ஆய்வேடு இருந்தது. அன்று முழுக்க அழுதேன். ஆனால் அதன் கடைசி அத்தியாயத்தில், தன்னால் செய்ய முடியாமல் போனது எது என்று அந்த ஆய்வாளர் எழுதியிருந்தார். என் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஷோத்கங்காவிலிருந்து இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் நடவடிக்கை உண்டு. அதனால் வார்த்தைகளை மட்டும் மாற்றிவிட்டு மென்பொருளில் சதவீதம் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அத்தனை நேரத்தில் அந்த ஆய்வேட்டை ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

குன்னூரிலிருந்து ஒருவர்:

கல்லூரியை முடித்துவிட்டவர்கள் இதையெல்லாம் எப்படிப் படிப்பது? என் கணக்கை மூடிவிட்டார்கள்.

கல்லூரி நூலகர், நீலகிரி:

என்-லிஸ்ட் கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஆனால் ஷோத்கங்காவுக்குக் கல்லூரி அடையாளம் தேவையில்லை. ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய மின் நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, அதுவும் இலவசம். மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள், சந்தா குறைவுதான். அப்புறம், படித்த கல்லூரிக்கே போய் நூலகரிடம் கேளுங்கள். முன்னாள் மாணவர் உள்ளே உட்கார்ந்து படிக்க நாங்கள் அனுமதிக்கிறோம்.

ஆசிரியருக்கு: நேரத்தை நீட்டிக்கச் சொல்லி நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் துறையிலிருந்து ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு கடிதம் போனால் நன்றாக இருக்கும்.

பந்தலூர் டீச்சருக்கு: உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை அலமாரியில் தேடினேன். அந்த ஒப்பந்தத்தின் முழு வாசகமும் எங்களிடம் ஒரு தொகுப்பில் இருக்கிறது. முதுகில் வெள்ளைப் பொடி. துடைத்து, அந்தப் பக்கத்தில் துண்டுச்சீட்டு வைத்து, கவுன்டருக்கு எதிரில் இருக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். எங்கள் முதலாம் ஆண்டில் சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர்கள் வகுப்பை நூலகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று வரலாற்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டார்.