மூணாம் நாள் வகுப்பு: எங்க குடும்பக் குழுவில் நேற்று இரவு

*இரவு 7.42*

மல்லிகா அத்தை: எல்லாரும் சாப்பிட்டாச்சா? நூலகத்துல போன் மோசடி பத்தின மூணாம் நாள் கிளாஸ் முடிஞ்சு இப்பதான் வந்தேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

மல்லிகா அத்தை: முதல்ல எல்லாரும் வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுண்டுக்குள்ள போங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு இருக்கும். ஆன் பண்ணி ஆறு இலக்க நம்பர் வைங்க. பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். ஏமாந்து ஓடிபியைச் சொல்லிட்டாக்கூட அந்த ஆறு நம்பர் தெரியாதவன் நம்ம கணக்கை உடனே எடுத்துக்க முடியாது.

கவிதா: போட்டுட்டேன் அத்தை. அம்மா போன்லயும் போட்டாச்சு 👍

செந்தில் சித்தப்பா: அக்கா, நேத்து கடைக்கு ஒருத்தன் போன் பண்ணான். மிலிட்டரி கேம்ப்ல இருந்து பேசுறானாம். நாலு மூட்டை அரிசி வேணும், அட்வான்ஸ் வாங்க நான் அனுப்புற க்யூஆரை ஸ்கேன் பண்ணி யூபிஐ பின் நம்பரைப் போடுங்கன்னான். கடையில கூட்டம், வெச்சுட்டேன்.

மல்லிகா அத்தை: வெச்சது நல்லதாப் போச்சு தம்பி. நமக்குப் பணம் வர்றதுக்கு பின் நம்பரே வேண்டாம். பின் நம்பர் கேட்டா நம்ம பணம் வெளிய போகப் போகுது. கடைப் பையன்கிட்டயும் சொல்லி வை. கல்லாப் பக்கத்துல எழுதி ஒட்டு.

அம்மா: மதினி, கல்யாணப் பத்திரிகைன்னு எனக்கு ஒரு ஃபைல் வந்திருக்கு. தெரிஞ்ச நம்பர்தான். திறக்கவே மாட்டேங்குது.

மல்லிகா அத்தை: பேரு கடைசியில ஏபிகேன்னு இருக்கா?

அம்மா: ஆமா

மல்லிகா அத்தை: இன்ஸ்டால் கேட்டா கொடுத்துடாத!! பத்திரிகை படமா வரும், பிடிஎஃப்பா வரும். ஏபிகேன்னா அது ஆப். உள்ள போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும். கொடுத்துட்டா பேங்க் ஓடிபி நேரா மோசடிக்காரனுக்குப் போகும். அனுப்புனவங்க போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும், பாவம். நீ அழிச்சிட்டு அவங்களுக்குக் கால் பண்ணி சொல்லு. மெசேஜ் போடாத, அதை அவனே பார்ப்பான்.

*இரவு 8.15*

மல்லிகா அத்தை: இன்னைக்கு முக்கால்வாசி நேரம் டிஜிட்டல் அரெஸ்ட் பத்திதான். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்குன்னு ஆரம்பிப்பான். அப்புறம் வீடியோ கால்ல போலீஸ் உடுப்போட ஒருத்தன் வருவான். கேமராவை அணைக்காதே, யார்கிட்டயும் பேசாதேம்பான். நம்ம சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே மனதின் குரல்ல இதைச் சொல்லியிருக்கார்.

பெரியப்பா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

பெரியப்பா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

கவிதா: பெரியப்பா?

*இரவு 8.31*

பெரியப்பா: மல்லிகா, எனக்கு வந்துச்சு.

பெரியப்பா: ரெண்டு ஞாயிறுக்கு முன்னாடி. காலைல 10 மணியில இருந்து 1 மணி வரைக்கும் கதவைச் சாத்திட்டு போன் முன்னாடியே உக்காந்திருந்தேன். உங்க மதினி சாப்பிடக் கூப்பிட்டா, தலைவலின்னுட்டேன். ஆதாரை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். டெபாசிட்டை உடைச்சு அவங்க கணக்குக்கு மாத்தணும், விசாரணை முடிஞ்சதும் திருப்பித் தருவோம்னாங்க. ஞாயித்துக்கிழமைங்கறதால முடியல.

பெரியப்பா: திங்கக்கிழமை பேங்குக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு "எதுக்கு சார் மொத்தமா எடுக்கிறீங்க"ன்னு கேட்டுச்சு. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. திரும்பி வந்துட்டேன். 36 வருஷம் மில்லுல கணக்கு எழுதினவன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.

செந்தில் சித்தப்பா: அண்ணே கடையை அடைச்சிட்டு இப்ப வர்றேன்

மல்லிகா அத்தை: அண்ணே, இதுல வெக்கப்பட உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. யார்கிட்டயும் பேசாதேன்னு அவன் ஏன் சொன்னான்? மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே அவன் கதை முடிஞ்சிருக்கும். நீங்க இங்க சொன்னதே எனக்குப் போதும்.

மல்லிகா அத்தை: பணம் போகல. அதனால சஞ்சார் சாத்தின்னு தொலைத்தொடர்புத் துறையோட அரசு தளத்துல சக்ஷுன்னு ஒரு பகுதி இருக்கு, அந்த நம்பரை அங்க புகார் பண்ணலாம். கால் வந்து 30 நாளுக்குள்ள பண்ணணும், நமக்கு நாள் இருக்கு. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு கால் பண்ணணும். அவன் எடுத்து வேற கணக்குக்கு மாத்தறதுக்குள்ள நிறுத்தப் பார்ப்பாங்க. அதனாலதான் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். எல்லாரும் 1930ஐ போன்ல சேவ் பண்ணுங்க, இப்பவே.

கவிதா: பெரியப்பா, ஆதார் போட்டோ போனதுக்கு ஒண்ணு பண்ணலாம். ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் இருக்கு. பூட்டிட்டா உங்க கைரேகையை வெச்சு யாரும் ஆதார் மூலமா பணம் எடுக்க முடியாது. சித்தப்பா வந்ததும் கால் பண்ணுங்க, வழி சொல்றேன். ஓடிபி வந்தா நீங்களே அடிங்க, எங்கிட்டகூடச் சொல்லாதீங்க.

பெரியப்பா: சரிம்மா. கிளாஸ் நாளைக்கு எத்தனை மணிக்கு?

மல்லிகா அத்தை: 5.30 மணிக்கு. 5 மணிக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்.

*இரவு 9.20*

செந்தில் சித்தப்பா: ஆதார் லாக் ஆயிடுச்சு. புகாரும் போட்டாச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

பெரியம்மா: உங்க அண்ணன் இப்பதான் தட்டு முன்னாடி உக்காந்திருக்காரு, தோசை ஊத்திட்டு இருக்கேன். மல்லிகா, நாளைக்கு நானும் வர்றேன்.